பம்பரமும் கோந்தும்

பேச முடியாத மனிதர் பேசமாட்டேன் என்று அடம்பிடித்தால் வீட்டில் இருப்பவர்கள் என்னதான் செய்ய முடியும்? சனிக்கிழமை காலை அம்மா இதைத்தான் கேட்டாள். கேட்டது அடுப்பிடம். பதில் சொல்ல வேண்டியவரோ கூடத்தில் உட்கார்ந்து, கழுத்துத் துணி நனையாமல் சவரம் செய்துகொண்டிருந்தார்.

வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்துபோகிறவர்களுக்கு விஷயம் தெரியும். புதிதாக வருகிறவர்களை வாசலிலேயே நிற்க வைப்பது மரியாதை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஒரு காலத்தில் கால்பந்துக் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிய கோல்கீப்பர். கையில் பட்ட பந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஊர் வைத்த பெயர் ‘கோந்து’. சனிக்கிழமை கால்பந்து. ஞாயிற்றுக்கிழமை அதே கைகளோடு கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர். அங்கே சம்பளம் கிடையாது, சந்தா கட்டித்தான் ஆட வேண்டும். கிளப்காரர்களுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்த சமாசாரம் அது. அந்தக் கிரிக்கெட்டில் சுழல் பந்து போட்டவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, டெய்லர். அவர் பெயர் ‘பம்பரம்’. பம்பரம் சுற்றும், கோந்து பிடிக்கும். இந்த ஜோடியைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குக் கூட்டம் வந்ததாகச் சொல்வார்கள்.

பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

போன வருஷக் கடைசியில் அப்பாவின் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை தொங்குகிறது. வேண்டியதை அதில் எழுதுவார். கிளப்பின் ஆண்டு விழாவில் பழைய ஆட்டக்காரர்கள் மேடையேறி ஆளுக்கொரு நினைவைச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் வந்து அழைத்தபோது, அப்பா பலகையில் எழுதியது ஒரே வரி. ‘தம்பி வந்தால் பேசுவேன்.’ போன வாரம் நாம் விட்ட இடம் அதுதான்.

விழா இன்று மாலை.

மகள் ஒரு வழி சொன்னாள். நீங்கள் எழுதிக் கொடுங்கள், நான் மைக்கில் வாசிக்கிறேன் என்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களை எழுத்து வாசிக்கச் சொல்கிறவள், அப்பா எழுதியதை வாசிக்க மாட்டாளா? அப்பா சவரக் கத்தியைக் கழுவினார். பலகையை எடுத்து அதே வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான்.

அப்போதுதான் போன் வந்தது. அம்மா எடுத்தாள், ‘சரிங்க, சரிங்க’ என்றாள், வைத்தாள். யார் என்று மகள் கேட்டதற்கு ராங் நம்பர் என்றாள். ராங் நம்பருக்கு யாராவது இரண்டு தடவை சரிங்க சொல்வார்களா என்று மகளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அப்பா மட்டும் அம்மாவைப் பார்த்தபடி மூக்கு நுனியை ஒரு விரலால் தொட்டார்.

இந்த மூக்கு விவகாரம் கொஞ்ச நாளாகவே இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா அடிக்கடி மூக்கைத் தொடுகிறார், காதைத் தொடுகிறார், முழங்கையைத் தட்டுகிறார். ஜலதோஷம் என்று நினைத்து அம்மா ஆவி பிடிக்க வைத்தாள். காதுக்குச் சொட்டு மருந்துகூட ஊற்றினாள். மனுஷன் பாவம், எல்லாவற்றுக்கும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் போய் சித்தப்பாவைக் கூட்டிட்டு வரேன்” என்றாள் மகள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் வரமாட்டார் என்றாள். வந்தாலும் சும்மா இருக்கமாட்டார் என்றாள். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் இருந்த மனுஷன், மைக்கைக் கண்டால் விடுவாரா? எல்லாம் சொன்னாளே தவிர, போகாதே என்று மட்டும் சொல்லவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பேச்சு அறுந்தது அண்ணன் தம்பிக்குத்தான். ஓரகத்திகளான அம்மாவும் சித்தியும் ஒரு வாரம்கூடப் போனில் பேசாமல் இருந்ததில்லை. மகளின் கல்யாண ரவிக்கைகூடச் சித்தப்பா கடையில் தைத்ததுதான். அளவு ரவிக்கை எந்த வழியாகப் போனது, தைத்தது எந்த வழியாக வந்தது என்று ஆண்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும்.

சித்தப்பாவின் கடையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டுமேஜை, ஒரு ஆளுயரக் கண்ணாடி. அவர் கோட்டுத் துணி ஒன்றை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். உட்காரச் சொன்னார், சித்தியை டீ போடச் சொன்னார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

மகள் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் சாக்குக்கட்டியை வைக்காமலே கேட்டார்.

“என்னை எதுக்குமா? அதான் போர்டு இருக்கே. எழுதிக்கட்டும்.”

“நீங்க வந்தாத்தான் பேசுவேன்னு எழுதியிருக்கார்.”

“பேசுவேன்னா? எந்த வாயால?”

சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தார், வெட்ட ஒன்றுமில்லாமல் திரும்ப வைத்தார். மேஜையோரத்தில் விழுந்த நூலை ஊதினார்.

 மகள் வாய்க்கு வந்ததைப் பேசினாள். அப்பா இப்போதெல்லாம் என்னென்னவோ செய்கிறார், அர்த்தமே புரியவில்லை என்றாள். போன வாரம் கிளப் செயலாளர் வந்து, நீங்கள் இல்லாமல் விழாவே இல்லை, உங்களை நினைக்காத நாள் இல்லை என்று அரை மணி நேரம் புகழ்ந்தாராம். அப்பா அவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டே மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாராம்.

சித்தப்பாவின் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தாள். பிறகுதான் அவர் சிரிப்பது தெரிந்தது.

“கூக்ளி” என்றார்.

“என்ன சித்தப்பா?”

அவர் மேஜை மேலிருந்த நூல்கண்டை எடுத்துப் பந்துபோல் பிடித்துக் காட்டினார். கையைப் பார்த்தால் இந்தப் பக்கம் திரும்பும்போல இருக்கும், தரையில் பட்டதும் அந்தப் பக்கம் திரும்பும். அதுதான் கூக்ளி. கீப்பர் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து மூக்கைத் தொட்டால் அதைப் போடு என்று அர்த்தம். காதைத் தொட்டால் வேகமாக, நேராக. முழங்கையைத் தட்டினால் மெதுவாக, மேலே தூக்கி. கையைத் தொடை மேல் வைத்தால் விசேஷமாக ஒன்றும் வேண்டாம், வழக்கமான சுழல் பந்து போதும். அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் படுக்கையில் படுத்துக்கொண்டு உருவாக்கிய பாஷை இது. வேறு யாருக்கும் சொன்னதில்லை.

“செயலாளர் சொல்றது ஒண்ணு, நினைக்கிறது ஒண்ணுன்னு உங்கப்பா சொல்லியிருக்கார். அதைக் கேட்க அங்க ஆள்தான் இல்ல.”

மகளுக்குக் காலையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அம்மா போனில் பேசிவிட்டு ராங் நம்பர் என்றதும் அப்பா மூக்கைத் தொட்டாரே, அதுவுமா என்று கேட்டாள். அதுவும்தான் என்றார் சித்தப்பா. உங்கம்மா எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு, அவரே சற்று அடங்கிப்போனார்.

சித்தி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் உள்ளே போகவில்லை, கதவோரமாக நின்றாள்.

சித்தப்பா டீயை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு, “வரேன்” என்றார். “ஆனா சும்மா வாயசைக்கிற பொம்மையா நிக்கமாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொல்லுவேன். கிளப் ஆளுங்க எல்லாரும் கேட்கட்டும். சம்மதமான்னு உங்கப்பாவைக் கேட்டுச் சொல்லு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எது என்று மகளுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கிரிக்கெட்டில் இறுதி ஆட்டம். பெரிய அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் பம்பரத்தைப் பார்ப்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் இருக்கிறேன், நீ போடு என்று முதல் நாள்வரை சொல்லிக்கொண்டிருந்த அண்ணன் வரவில்லை. கிளப்பில் விடவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பதிலாகக் கையுறை மாட்டியவர் ஒரு பல் டாக்டர். அவருக்குப் பந்தைவிடத் தன் பல்லைப் பற்றித்தான் கவலை அதிகம். பம்பரத்தின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையாளருக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. கடைசி ஓவரின் கடைசிப் பந்து யார் மேலும் படாமல் டாக்டரைத் தாண்டி எல்லைக்குப் போனது. ஆட்டமும் அதோடு போனது. வந்திருந்த இருவரும் நாற்காலியை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் கேட்டார். சம்பளம் வாங்குகிறவன் சந்தா கட்டுகிறவனோடு எதற்கு ஆடப்போகிறான் என்று கேட்டார். அண்ணன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. குரல் இருந்த காலத்தில் சொல்லியிருக்கலாம். ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அளவெடுத்துத் தைத்தது.

வீட்டுக்கு வந்து மகள் நிபந்தனையைச் சொன்னபோது அம்மா நெற்றியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இருக்கிற மானமும் மேடையில் போகப்போகிறது என்றாள். உடம்பு இருக்கிற நிலைமையில் இது தேவையா என்று கேட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் வந்த போன் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அப்பா பலகையை நீட்டினார்.

பழைய வரியை அழித்துவிட்டு ‘சரி’ என்று எழுதியிருந்தார்.

கிளப் மண்டபத்தில் இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பாவோடு ஆடியவர்களில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் மாற்றியிருந்தது, இன்னொருவருக்கு இடுப்பு. மேடைப் படி மூன்றையும் அவர்கள் ஏறியதைப் பார்த்தால், இவர்களா ஒரு காலத்தில் அந்த ஓட்டம் ஓடியவர்கள் என்று யாருக்கும் சந்தேகம் வரும். மைக் கைக்கு வந்ததும் சந்தேகம் தீர்ந்தது. அடித்த கோல் எல்லாம் போன வருஷம் சொன்னதைவிட நாலைந்து அடி தூரத்திலிருந்து அடித்ததாக மாறியிருந்தது.

அப்பாவின் முறை வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா தானே தைத்த சாம்பல் நிறக் கோட்டு அணிந்து மைக் பக்கத்தில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முன்வரிசையில் அம்மாவும் சித்தியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா இரண்டு கைகளையும் விரித்தார், வலது பக்கம் சாய்ந்தார். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“பெனால்டி. மழை. அன்னைக்கு ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பாய்ஞ்சேன்னு சொல்றார். ரெண்டு கண்ணையும்தான் மூடினார், நான் கோலுக்குப் பின்னாடியே நின்னேன்.”

மண்டபம் சிரித்தது. அப்பா ஒரு விரலை ஆட்டி ஆட்சேபித்தார். சித்தப்பா அதையும் மொழிபெயர்த்தார். கொஞ்ச நேரத்துக்கு மகளுக்கு எல்லாமே மறந்துபோனது. அப்பாவுக்குக் குரல் வந்துவிட்டது போலவே இருந்தது, கொஞ்சம் கிண்டலான குரல். பேச்சு நின்ற பிறகும், அண்ணன் ஆடியவரை சித்தப்பா ஒரு கால்பந்து ஆட்டத்தையும் விட்டதில்லை, கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது அவர் சொன்ன விவரங்களிலிருந்தே தெரிந்தது.

பிறகு சித்தப்பா மைக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தார். சிரிப்பு அடங்கியது.

“இது வரைக்கும் அவர் சொன்னது. இப்ப நான் கேக்கறது” என்றார்.

அவர் சத்தம் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். வந்து உட்கார்ந்திருந்த இருவரைச் சொன்னார், பல் டாக்டரைச் சொன்னார். அந்த ஆட்டம் ஜெயித்திருந்தால் தான் கத்தரிக்கோல் பிடித்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். கால்பந்துக்காரர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மாவின் பிடியில் சித்தியின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. மகள் தான் செய்தது தப்போ என்று நினைத்தாள். எழுந்து போய் மைக்கை வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

சித்தப்பா மேடையேறிய பிறகு முதல் தடவையாக அண்ணனை நேராகப் பார்த்தார்.

“ஏன்ணா வரல?”

மகள் பலகையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்பா வேண்டாம் என்று கை காட்டினார். நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, முழங்கால்களை மடக்கி, கீப்பர் குந்துகிற மாதிரி உட்கார்ந்தார். கையைத் தொடை மேல் வைத்தார்.

வைத்து, எடுத்தார். மறுபடியும் தொடை மேல் வைத்தார்.

அடுத்து காதைத் தொட்டார். தொட்ட கையை ஒரு ஸ்டம்புக்கு மேல் மயிரிழையில் போவதுபோல ஓட்டிக் காட்டினார்.

அடுத்து முழங்கையைத் தட்டினார். இரண்டு கைகளாலும் பந்தைப் பிடிக்கப் போய்த் தடுமாறி நழுவ விட்டார். அது பல் டாக்டர் என்று கூட்டத்தில் யாரோ கண்டுபிடித்து லேசாகச் சிரித்தார்கள்.

சித்தப்பா மொழிபெயர்க்கவில்லை. 

அப்பா மூக்கைத் தொட்டார். ஆனால் கை எந்தப் பக்கமும் திரும்பவில்லை, நேராகவே போனது. அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

மறுபடியும் மூக்கைத் தொட்டார். இந்தத் தடவை கை வளைந்து வளைந்து வெளியே போனது. போய் இன்னொரு உள்ளங்கையில் பட்டென்று அடித்தது. அந்த உள்ளங்கையைச் சுவர் போல நிமிர்த்திப் பிடித்தார். பிறகு சுவருக்குப் பின்னால் ஒரு விரலை நிறுத்தி, அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டார்.

மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. செயலாளர் மேடையோரமாக வந்து, என்ன சொல்கிறார் என்று கிசுகிசுத்தார்.

“என் ஓவர்” என்றார் சித்தப்பா. அது மைக்கில் விழவில்லை. மறுபடி ஆரம்பித்தார். “அன்னைக்கு நான் போட்ட கடைசி ஓவர். ஒவ்வொரு பந்தா, வரிசையா சொல்லிட்டார். அஞ்சாவது பந்து கூக்ளி, ஆனா திரும்பல. நேராப் போனதால ஆடினவனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. வெக்கமா இருந்ததால நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல. என் கையைப் பார்த்திருந்தாத்தான் அது கூக்ளின்னு தெரியும். அதுவும் என் கையைப் படிக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான்.”

 கைக்குட்டைக்காகக் கோட்டில் பையைத் தேடினார். ஊருக்கெல்லாம் பை வைத்துத் தைக்கிறவர் தன் கோட்டுக்கு வைக்க மறந்திருந்தார்.

“கீப்பருக்கு நேர் பின்னாடி மைதானத்து மதில். கடைசிப் பந்து போய் அடிச்சது அதுலதான். எங்கண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னிருக்கார். அன்னைக்கு வந்திருக்கார்.”

அப்பா வலது கையை உயர்த்தினார். மோதிர விரலும் சுண்டு விரலும் நடுக்கணுவில் கோணலாக வளைந்திருக்கும், மகள் பிறந்ததிலிருந்து பார்த்த விரல்கள். ஏதோ ஒரு ஆட்டத்தில் உடைந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எந்த ஆட்டம் என்று யாரும் கேட்டதில்லை.

சித்தப்பா அந்தக் கையை எடுத்து, துணியின் மடிப்பைத் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கணுவாகத் தடவினார்.

“சனிக்கிழமையா?”

அப்பா தலையசைத்தார்.

மேற்கொண்டு சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் சம்பளத்துக்கு ஆடியவர்கள். விரல் உடைந்தது தெரிந்தால் வெளியே உட்கார்ந்திருக்கும் அடுத்த கீப்பர் உள்ளே வருவான், ஒரு தடவை வந்தவன் போகமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். கிரிக்கெட் மைதானத்தில் அன்று பாதிக் கூட்டம் கால்பந்து ரசிகர்கள். கையுறை மாட்ட முடியவில்லை என்று அங்கே ஒருவரிடம் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் கிளப்புக்குப் போயிருக்கும். அதனால் மதிலுக்கு வெளியே யாரும் பார்க்காத இடத்தில் நின்று, இடுக்கு வழியாகப் பார்த்தபடி, தம்பிக்குத் தெரியாது என்றாலும் பந்துக்குப் பந்து சைகை காட்டியிருக்கிறார்.

அம்மாவுக்கு இன்னொன்று தெரிந்தது. அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். அந்த வாரம் முழுக்க, சட்டைப் பொத்தானை நீதான் போட்டுவிட வேண்டும் என்று தினமும் காலையில் வந்து நிற்பார். விரலில் எப்போதும் ஒட்டியிருக்கிற பிளாஸ்திரிதான் என்று அவள் கவனிக்கவில்லை. பிரியம் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இப்போது அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று ஓரகத்தியின் காதில் சொன்னாள்.

திரும்பும்போது மகள் கார் ஓட்டினாள், அம்மா பக்கத்தில். சித்தி கடையைப் பூட்ட வேண்டும் என்று முன்னாலேயே போய்விட்டாள். பின்சீட்டில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நடுவே பலகை கிடந்தது.

நாலு தெரு தாண்டிய பிறகு சித்தப்பா கேட்டார்.

“அந்தக் கடைசிப் பந்து. நீ இருந்திருந்தா பிடிச்சிருப்பதானே?”

முப்பது வருஷமாக அவரைத் தாங்கி நிறுத்திய நம்பிக்கை அது. மகள் கண்ணாடியில் பார்த்தாள். அப்பா பலகையை மடியில் எடுத்து வைத்தார். கோணல் விரல்களால் பெரிதாக ஒரே ஒரு சொல் எழுதித் தம்பியிடம் காட்டினார்.

‘வைடு.’

சித்தப்பா பலகையையே பார்த்தார். “வைடா? கீப்பர் விட்டதுன்னு அம்பயர் ‘பை’ ரன்தானே கொடுத்தான். அது வைடா?”

அப்பா அதற்கு அடியில் எழுதினார். ‘ரொம்ப வைடு. யாரும் பிடிக்க முடியாது.’

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. இதைச் சொல்ல முப்பது வருஷமா என்றார். நீயும் அந்த டாக்டரும் ஒண்ணுதான் என்றார். மதிலுக்குப் பின்னால் நின்றவனுக்கு வைடு எப்படித் தெரியும் என்று வாதம் செய்ய ஆரம்பித்தார். அப்பா காதைத் தொட்டு, முழங்கையைத் தட்டி, பலகையில் படம் போட்டு மறுத்தார். தம்பி பதிலுக்குக் கையாலேயே பேச ஆரம்பித்துவிட்டார். பின்சீட்டில் சத்தமே இல்லாமல் ஒரு சண்டை நடந்தது. இத்தனை நாளில் அந்தக் குடும்பம் பார்த்த நல்ல சண்டை அதுதான்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“தம்பி, திங்கட்கிழமை கடையைக் கொஞ்ச நேரம் அடைக்க முடியுமா?”

“எதுக்கு அண்ணி?”

“காலையில ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தது. போன வாரம் தொண்டையில எடுத்த டெஸ்ட்டு. வீட்டு ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு வாங்கன்னாங்க. டாக்டர்கிட்ட இவருக்காகப் பேச ஒரு ஆள் வேணும்.”

பின்சீட்டில் கைகள் நின்றன. மகள் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வரேன் அண்ணி” என்றார் சித்தப்பா.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். கேள்வியை வாயால் கேட்கவில்லை. அப்பா வளைந்த விரல்களோடு வலது கையை மெதுவாகத் தொடை மேல் வைத்தார். விசேஷமாக ஒன்றுமில்லை, வழக்கமான பந்துதான்.

வீடு வரும்வரை சித்தப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தார், அது மூக்குப் பக்கம் போகிறதா என்று.